முத்திரைப் பொருளும் சாயற் பொருளும்: இணையத்தில் விற்போர் அறிய வேண்டியவை

அதிகாலையில் மரம் சீவி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பின்னர், பிற்பகல் வேளையில் கைப்பேசியின் வாயிலாகச் சேலை, கைப்பை, அணிகலன், முகப்பூச்சு முதலியவற்றை விற்று வருமானம் தேடும் குடும்பங்கள் இன்று நம் தோட்டங்களில் உண்டு. சரக்கு பெரும்பாலும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலிருந்தோ வாங்கப்படுகிறது. சில வேளைகளில், விற்பவரே கண்ணால் காணாத ஏதோவொரு கிடங்கிலிருந்து அது நேரே வாங்குபவரின் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது. முன்னாளில் கடைத்தெருவில் இடம் பிடித்து, வாடகை கொடுத்து, முதல் போட்டால்தான் ஒருவர் வணிகராக இயலும். இன்று ஒரு கைப்பேசியும் நம்பிக்கையான நாலு வாடிக்கையாளரும் போதுமானவை. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயினும், வணிகர் என்னும் பெயரோடு வணிகருக்குரிய சட்டப் பொறுப்பும் கூடவே வந்து சேருகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதிலும், பெயர் பெற்ற முத்திரைப் பொருள்களையும் அவற்றின் சாயலில் செய்யப்பட்டவற்றையும் எவ்வாறு விவரித்து விற்பது என்பதில் பெருங்குழப்பம் நிலவுகின்றது. அதனை இங்குச் சற்று விரிவாக நோக்குவோம்.

காணாமல் வாங்குபவர்

பிரிக்பீல்ட்ஸ் தன் தொழிலையே பெயராகக் கொண்ட இடம். 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்பு வீடுகளை அழித்த பின்னர், நகரைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என ஆங்கில ஆட்சியாளர் பிராங்க் சுவெட்டன்ஹாம் பணித்தார். கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கற்சூளைகள் அமைத்த நிலமே இப்பகுதி. பிறகு இரயில்வே வந்தது. இரயில்வேயோடு நம்மவரும் வந்தனர். 2010-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள், இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் அந்நாளைய மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் அங்கே லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தனர். அதன் நடுவே செல்லும் பெருஞ்சாலை, தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்குவதற்காக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்த துன் சம்பந்தனாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. செங்கற்சூளைகள் மறைந்து நெடுங்காலமாயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஓர் ஊரின் பெயர் அப்படி நிலைப்பதில் தவறில்லை. விலைக்கு வரும் பொருளுக்கு மட்டும் அந்த உரிமை கிடையாது. அதன் பெயர் இன்று, இப்பொழுது, அப்பொருளுக்குப் பொருந்தியிருத்தல் வேண்டும்.

அதே பிரிக்பீல்ட்ஸில்தான் 1951-ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் அமைந்துள்ளது. வெண்கோல் ஏந்திய அன்பர்கள் அங்குள்ள நடைபாதைகளில் தன்னம்பிக்கையுடன் நடந்து செல்வதைப் பலர் கண்டிருப்பீர்கள். பார்வையற்ற ஒருவர் கடைக்குச் சென்று துணி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். துணியை விரலால் தடவிப் பார்ப்பார். எடையைக் கையில் உணர்வார். நிறத்தையும் கரையின் வேலைப்பாட்டையும் கடைக்காரரிடம் கேட்டறிவார். அவர் கேட்டுக்கொள்ளும் சொல்லின்மேல்தான் அந்த வாணிபம் நிற்கிறது. இணையத்தில் வாங்குபவர் எத்துணைக் கூர்மையான கண் உடையவராயினும், அவருடைய நிலை இதனினும் ஒரு படி கீழேதான். அவரால் தடவிப் பார்க்கவும் இயலாது. ஒரு படமும் நான்கு வரிகளுமே அவருக்குக் கிடைக்கின்றன. அப்படமும் வேறொருவர் எடுத்ததாக இருக்குமாயின் எஞ்சுவது அந்த நான்கு வரிகள்தாம். ஆகவே அவ்வரிகள் வெறும் விளம்பரமல்ல. பொருளின் ஒரு பகுதி என்றே அவற்றைக் கொள்ளவேண்டும்.

சட்டத்தின் நிலை

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டிலேயே வாணிப விவரிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக 2011-ஆம் ஆண்டின் வாணிப விவரிப்புச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் முதல் நாளன்று நடப்புக்கு வந்தது. உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சு இதனை அமல்படுத்தி வருகிறது. ஒரு பொருள் எதனால் ஆனது, எந்த முறையில் செய்யப்பட்டது, எங்கே எப்பொழுது செய்யப்பட்டது, யார் செய்தது, என்ன அளவுடையது, யாரால் சோதிக்கப்பட்டது, இதற்கு முன்னர் எவரேனும் பயன்படுத்தியதா என்பன போன்ற எந்தச் செய்தியும் இச்சட்டப்படி வாணிப விவரிப்பாகும். அச்செய்தி பொய்யாக இருந்தால் குற்றம். எழுதினால்தான் குற்றம் என்று எண்ணிவிடலாகாது. வாயால் கூறுவதும் விவரிப்பே. முகநூல் நேரலையில் சேலையை உயர்த்திப் பிடித்து, “அசல் பட்டு, அக்கா, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்” என்று கூறுவதும் இதில் அடங்கும். பொய் விவரிப்புக்காகத் தனிமனிதர் ஒருவருக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நிறுவனமாயின் அபராதம் இரண்டரை லட்சம் ரிங்கிட் வரை செல்லும்.

“நான் மொத்த வியாபாரியிடம் வாங்கினேன், அவர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன்” என்று கூறினால் விட்டுவிடமாட்டார்களா என்று சிலர் வினவலாம். அது முற்றிலும் பயனற்ற வாதமன்று. ஆனால், தக்க முன்னெச்சரிக்கையும் முயற்சியும் மேற்கொண்டதை மெய்ப்பிக்கும் சுமை விற்றவரின் தோளிலேயே விழும். ரசீதும் இல்லை, மொத்த வியாபாரியின் முகவரியும் இல்லை, வாட்ஸ்அப் எண் ஒன்றே உண்டு என்னும் நிலையில் எதை வைத்து மெய்ப்பிப்பது?

சாயல் வேறு, போலி வேறு

இப்பொழுது குழப்பத்தின் மையத்திற்கு வருவோம். பெயர் பெற்ற ஒரு கைப்பையை எடுத்துக்கொள்வோம். சந்தையில் அதனோடு தொடர்புடைய மூவகைப் பொருள்கள் உலவுகின்றன. முதலாவது, அந்நிறுவனமே செய்த அசல். இரண்டாவது, அதே வடிவமும் நிறமும் கொண்டு, ஆனால் அந்நிறுவனத்தின் பெயரோ சின்னமோ இல்லாமல் வேறெவரோ செய்த சாயற் பொருள். மூன்றாவது, அந்நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் அனுமதியின்றிப் பொறித்துக்கொண்ட போலி. நம் மக்களுள் பலர் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாகவே கருதி, ‘காப்பி’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பிடுகின்றனர். சட்டமோ அவ்விரண்டிற்கும் இடையே ஒரு மதிலையே எழுப்பியிருக்கின்றது.

சாயற் பொருளை விற்பதில் பொதுவாகத் தடை இல்லை. ஒருவரது பதிவு செய்யப்பட்ட வடிவமைப்பையே நகலெடுத்திருந்தால்தான் வேறு சிக்கல் எழும். அதை உள்ளபடி சொல்லி விற்றுவிடலாம். போலிப் பொருளை எந்தச் சொல்லாலும் நேர்மையாக்க இயலாது. 2019-ஆம் ஆண்டின் வாணிப முத்திரைச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் 27-ஆம் நாள் முதல் நடப்பில் உள்ளது. பிறரது முத்திரையைப் பொய்யாகப் பொறித்த பொருளை விற்கும் தனிமனிதருக்கு, அத்தகைய பொருள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடமளிக்கின்றது. ‘ஒவ்வொன்றுக்கும்’ என்னும் சொல்லை நன்கு கவனித்தல் வேண்டும். வீட்டில் இருபது பைகள் இருந்தால் அபராதத்தின் உச்சவரம்பு இரண்டு லட்சம் ரிங்கிட்டைத் தொடும். ஒரு பையில் கிடைக்கும் ஆதாயமோ இருபது, முப்பது வெள்ளி.

“ஆனால் நான் வாங்குபவரை ஏமாற்றவில்லையே, ‘காப்பி ஓரி’, ‘கிரேட் ஏஏஏ’ என்று தெளிவாகத்தானே போடுகிறேன்” என்பது அடிக்கடி கேட்கும் வாதம். இது நேர்மைபோலத் தோன்றினும் அரை நேர்மையே. இங்கு மூவர் சம்பந்தப்பட்டுள்ளனர். வாங்குபவர் ஏமாறாமல் இருக்கலாம். முத்திரைக்கு உரியவரின் பெயர் களவாடப்பட்டது களவாடப்பட்டதுதான். அப்பை நாளை இன்னொருவர் கைக்கு மாறும்போது ‘காப்பி’ என்னும் சொல் அதனோடு கூடப் போவதுமில்லை. பொறிக்கப்பட்ட பெயர் மட்டும் போகும். அஃதன்றி, ‘காப்பி ஓரி’ என்று எழுதுவது, பொருள் போலி என்பதை விற்பவர் அறிந்தே விற்றார் என்பதற்குத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்த வாக்குமூலமாகவும் ஆகிவிடுகிறது. பதிவை அழித்துவிட்டால் போகும் என்று எண்ணுவோர், வாங்கியவர் கைப்பேசியில் அது படமாகச் சேமிக்கப்பட்டிருக்கும் என்பதை மறந்துவிடுகின்றனர். கோலாலம்பூரின் பெட்டாலிங் சாலையை உலகறிந்த போலிச் சந்தைகளுள் ஒன்றாக அமெரிக்க வாணிபப் பிரதிநிதி அலுவலகம் தன் ஆண்டுப் பட்டியல்களில் பன்முறை சேர்த்திருக்கிறது. அங்கு நடைபாதையில் விற்பவராவது சோதனை வரும்போது மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடலாம். இணையத்தில் விற்பவருக்கு அந்த வசதியும் இல்லை. அவரது வங்கிக் கணக்கு எண் பதிவின் அடியிலேயே இருக்கிறது!

அசலுக்கும் போலிக்கும் இடையே இன்னும் இரண்டு நிலைகள் உள்ளன. ஒன்று, பயன்படுத்திய அசல் பொருள். இதைத் தாராளமாக விற்கலாம். எத்தனை ஆண்டு பயன்படுத்தியது, எங்கே கீறல், ரசீது உண்டா இல்லையா என்பதைக் கூறிவிட வேண்டும். மற்றொன்று, பெயர் பெற்ற பொருளோடு பொருந்தும் துணைப்பொருள். ஒரு நிறுவனத்தின் கைப்பேசிக்குப் பொருந்தும் மின்னூட்டியை ‘இன்ன கைப்பேசிக்குப் பொருந்தும், வேறு தயாரிப்பு’ என்று எழுதுவது தவறன்று. அந்நிறுவனத்தின் பெயரையே மின்னூட்டியின் பெயராக எழுதுவதும், அதன் சின்னத்தைப் படத்தின் மூலையில் ஒட்டுவதும் தவறு. மின்னூட்டியாயின் சிரிம் முத்திரை உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது வாடிக்கையாளரின் வீடு தீப்பிடிக்காமல் இருப்பது பற்றிய கேள்வி.

முகப்பூச்சு விற்போர் இவ்விடத்தில் தனியாக ஒன்றைக் கவனித்தல் நலம். நம் நாட்டில் விற்கப்படும் ஒப்பனைப் பொருள் ஒவ்வொன்றும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையில் அறிவிக்கை செய்யப்பட்டிருக்க வேண்டும். முகத்தை வெளுப்பாக்கும் என்று விற்கப்படும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதை அம்முகமை கண்டறிந்து, அவற்றின் பெயர்களை வெளியிட்டு வந்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் நஞ்சு. பெயர் பெற்ற களிம்பின் போலி ஒன்றை அடுத்த லயத்துப் பிள்ளைக்கு விற்பவர், என்ன விற்கிறோம் என்று அறியாமலே அதை விற்கிறார்.

பட்டும் நகையும்

முத்திரை என்றதும் வெளிநாட்டுக் கைப்பைகளும் கைக்கடிகாரங்களுமே நினைவுக்கு வருகின்றன. நம் வீடுகளில் அதிகம் புழங்கும் முத்திரைப் பெயர் ‘காஞ்சிபுரம்’ அன்றோ! தீபாவளிக்கு முந்திய வாரங்களில் எண்பது வெள்ளிக்கும் நூறு வெள்ளிக்கும் ‘காஞ்சிபுரம் பட்டு’ என்று நேரலையில் கூவி விற்கப்படுபவற்றை நாம் காண்கிறோம். உண்மையான காஞ்சிபுரம் பட்டு கைத்தறியில் நெய்யப்படுவது. உடலையும் கரையையும் வேறுவேறு நிற இழையால் நெய்து கோர்வையாக இணைக்கும் முறை அதற்குச் சிறப்பு. இந்தியாவில் 2005–2006-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அஃதாவது, அவ்வட்டாரத்தில் அம்முறைப்படி நெய்த சேலைக்கே அப்பெயர் உரியது. விசைத்தறியில் செயற்கை இழையால் நெய்த சேலைக்கு அப்பெயரைச் சூட்டுவது, செய்த இடம், செய்த முறை, செய்த பொருள் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் பொய்யாக்குவதாகும்.

பட்டு இழைதானா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. முந்தானை நுனியிலிருந்து ஓரிரு இழைகளை உருவி நெருப்பில் காட்டினால், பட்டாயின் முடி கருகும் வாடை வீசும். எஞ்சும் சாம்பல் விரலால் நசுக்கப் பொடியாகும். பாலியெஸ்டராயின் உருகி, கடினமான மணியாகத் திரளும். விற்பவர் தம் சரக்கில் இச்சோதனையைத் தாமே செய்து பார்த்துவிடலாம். 2004-ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் வழங்கப்பட்டு வரும் ‘சில்க் மார்க்’ சீட்டு சேலையில் இருந்தால், அது தூய பட்டு என்பதற்குச் சான்று. அச்சீட்டு தூய பட்டு என்பதை மட்டுமே உறுதி கூறும். காஞ்சிபுரத்தில் நெய்தது என்றோ கைத்தறி என்றோ அதற்குப் பொருள் இல்லை. இந்நுட்பத்தை அறியாமல், சீட்டைப் படம் பிடித்துப் போட்டு ‘அசல் காஞ்சிபுரம்’ என்று எழுதுவோர் உண்டு.

அப்படியானால் மலிவான சேலையை விற்கவே கூடாதா? தாராளமாக விற்கலாம். இங்கேதான் நம் முன்னோரிடமிருந்து ஒரு நல்ல சொல் நமக்குக் கிடைத்திருக்கிறது: ‘கவரிங்’. சிதம்பரம் கவரிங் நகைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். செம்பின்மேல் தங்க முலாம் பூசிய அந்நகையைத் தலைமுறை தலைமுறையாக விற்கின்றனர், வாங்குகின்றனர், திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் அணிந்து செல்கின்றனர். தங்கம் என்று எவரும் நினைப்பதில்லை. தங்கம்போல் இருக்க வேண்டும் என்றே வாங்குகின்றனர். ‘கவரிங்’ என்னும் அந்த ஒரு சொல் முழு உண்மையையும் சொல்லிவிடுகிறது. அதனால் அதன் வாணிபம் குன்றவும் இல்லை.

இன்று இணையத்தில் உலவும் பெயர்களோ வேறு வகையின. ‘கொரியா தங்கம்’, ‘பேங்காக் தங்கம்’, ‘ஒரு கிராம் தங்கம்’ என்று விற்கப்படுபவை முலாம் பூசிய நகைகளே. ‘தங்கம்’ என்னும் சொல்லை முன்னே நிறுத்தி, ‘முலாம்’ என்னும் சொல்லை விழுங்கிவிடும் பெயர்கள் இவை. சிலவற்றில் 916 என்னும் எண்ணும் பொறிக்கப்பட்டுள்ளது. 916 என்பது ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், அஃதாவது 22 காரட், என்பதன் குறி. பித்தளையில் அவ்வெண்ணைப் பொறிப்பது பொய்; பொறித்ததை அறிந்து விற்பதும் பொய். இதன் விளைவு எப்பொழுது வெளிப்படும் என்பதை எண்ணிப் பாருங்கள். நம் மக்களுக்கு நகை என்பது அணிகலன் மட்டுமன்று, ஆபத்துக்கு உதவும் சேமிப்புமாகும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்கோ மருத்துவச் செலவிற்கோ ஒரு தாய் அடகுக் கடையின் கம்பிக்கு முன்னே நிற்கும்போதுதான், இணையத்தில் வாங்கிய அச்சங்கிலி தங்கமன்று என்று அவளுக்குத் தெரிய வரும்.

ரப்பர்க் காட்டின் வழக்கம்

தரத்தை உள்ளபடி சொல்லி விற்றல் நம் வாசகர்களுக்குப் புதியதன்று. புகையூட்டிய ரப்பர் ஷீட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கறை, கொப்புளம், பூஞ்சை ஆகியவற்றைக் கண்ணால் மதிப்பிட்டு, ஒன்று முதல் ஐந்து வரை ஆர்.எஸ்.எஸ். எனத் தரம் பிரித்த காலம் உண்டு. பார்வைக்கு அழகாக இருப்பதே உயர்தரம் என்னும் நிலை அது. 1965-ஆம் ஆண்டில் மலேசியா எஸ்.எம்.ஆர். என்னும் தரமுறையைக் கொண்டு வந்தபோது, தோற்றத்தை விட்டுவிட்டுச் சோதனைக் கூடத்தின் அளவையே தரமாக வகுத்தது. அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்பது எண்ணிக்கையாகச் சொல்லப்பட்டது. எஸ்.எம்.ஆர். 5-இல் அழுக்கு 0.05 விழுக்காட்டிற்கு மேற்படக்கூடாது, எஸ்.எம்.ஆர். 20-இல் 0.16 விழுக்காடு வரை இருக்கலாம்.

மங்கில் உறைந்த பாலிலிருந்து செய்யப்படும் அந்த எஸ்.எம்.ஆர். 20, பார்வைக்குக் கருமையானது. மேல்தரம் என்று அதனை எவரும் சொல்லமாட்டார். ஆனால், உலகின் டயர் ஆலைகள் பெருமளவில் வாங்குவது அத்தகைய ரப்பரையே. ‘20’ என்று அதன்மேல் வெளிப்படையாக எழுதியிருப்பதால்தான் ஆலைக்காரர் தம் தேவைக்கேற்ப அதனை அச்சமின்றி வாங்குகிறார். அதே கட்டியின்மேல் ‘5’ என்று எழுதி ஒரு முறை ஏற்றுமதி செய்துவிடலாம். அந்தக் கப்பலோடு நம் நாட்டு ரப்பரின் பெயரும் போய்விடும். எண்பது வெள்ளிச் சேலை எஸ்.எம்.ஆர். 20 போன்றது. அதற்கும் வாங்குவோர் உண்டு, நிரம்ப உண்டு. வேலைக்குக் கட்டிச் செல்ல, துவைக்க எளிதாக, கசங்காததாக ஒரு சேலை வேண்டுவோர் பட்டைத் தேடுவதில்லை.

குறையைச் சொன்னால் விற்காது என்னும் அச்சத்திற்கு விடையாக இன்னொன்றையும் கூறலாம். சென்னை வட்டாரத்தில் கைத்தறியில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி ‘மெட்ராஸ்’ என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. அதன் சாயம் ஒவ்வொரு சலவையிலும் கசிந்து, ஒரு நிறம் மற்றொன்றில் கலந்துவிடும். துணி வணிகருக்கு இதனினும் பெரிய குறை உண்டோ? 1960களில் அமெரிக்காவில் அதனை விற்றவர்கள் அக்குறையை மறைக்கவில்லை. ‘இதன் சாயம் கசிவது உறுதி’ என்றே விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு சலவைக்கும் புதிய நிறம் காட்டும் துணி என்று இளைஞர்கள் விரும்பி வாங்கினர். அதே நிறத்தில், சாயம் போகாத ஆலைத்துணியைச் செய்து விற்றவர்களே பின்னர் போலி எனப்பட்டனர்.

எழுதும் முறை

இனி, விளம்பரத்தை எவ்வாறு எழுதுவது? ‘அசல் காஞ்சிபுரம் பட்டு மாதிரி, செம தரம், குறைந்த விலை’ என்று ஒருவர் எழுதுகிறார். இதில் ‘அசல்’ என்பதும் ‘மாதிரி’ என்பதும் ஒன்றையொன்று மறுக்கின்றன. வாங்குபவர் கண் ‘அசல்’ என்பதில் நின்றுவிடும். விற்பவர் வழக்கு வரும்போது ‘மாதிரி’ என்பதைக் காட்டுவார். இத்தகைய இரண்டக வரியைவிட நேர்ப்பொய்யே மேல் என்று தோன்றுகிறது. அதிலாவது எழுதியவர் தம்மையும் ஏமாற்றிக்கொள்ளவில்லை. அதே சேலைக்குப் பின்வருமாறு எழுதலாம்: ‘விசைத்தறிச் சேலை. செயற்கைப் பட்டு இழை. தூய பட்டு அன்று. சரிகை செயற்கைச் சரிகை. காஞ்சிபுரம் பாணிக் கரை. நீளம் ஐந்தரை மீட்டர். இரவிக்கைத் துணி உண்டு. படம் நாங்களே எடுத்தது. வெயிலில் நிறம் சற்று வெளிர்ந்து தோன்றும். விலை 85 ரிங்கிட். அஞ்சல் செலவு 8 ரிங்கிட் தனி.’ இவ்வாறு எழுதினால் அடுத்த நாள் வரும் கேள்விகளுள் பாதி முதல் நாளே தீர்ந்துவிடும் என்பது இதன் இன்னொரு பயன்.

நகையாயின், எந்த உலோகம், எதன் முலாம் என்பது முதல் வரியிலேயே இருத்தல் வேண்டும். பதிவைத் திறந்து கீழே உருட்டினால்தான் தெரியும் இடத்தில் அன்று. பெயர் பெற்ற நிறுவனத்தின் பையை ஒத்த பையாயின், அந்நிறுவனத்தின் பெயரைத் தேடல் சொல்லாகக்கூடச் சேர்க்காமல் விடுதலே நல்லது. பெயரைத் தேடி வருவோரை இழுப்பதற்கென்றே அது சேர்க்கப்படுகிறது. நிறுவனம் வெளியிட்ட படத்தை எடுத்துப் போட்டுவிட்டுச் சாயற் பொருளை அனுப்புவது, சொல்லால் அன்றிப் படத்தால் பொய் கூறுவதாகும்.

விற்பவர் தம்மையும் விவரித்தாக வேண்டும். 2013-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடப்புக்கு வந்த மின்னியல் வாணிப ஒழுங்குமுறை விதிகள், 2024-ஆம் ஆண்டில் புதிய விதிகளாக மாற்றியமைக்கப்பட்டன. விற்பவரின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மைகள், முழு விலை, பணம் செலுத்தும் முறை ஆகியவற்றை வெளியிடுதல் இணைய விற்பனையில் கடமையாகும். ‘விலை தனிச்செய்தியில்’ என்று போடும் பழக்கம் இதனால் தவறாகிறது. வியாபாரத்தைத் தொடங்கிய முப்பது நாள்களுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வாணிபப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட் கட்டணமாகும். மொத்த வியாபாரியிடம் சரக்கெடுக்கும்போது ரசீதில் ‘சேலை 10’ என்று மட்டும் எழுதி வாங்காமல், ‘செயற்கைப் பட்டுச் சேலை’ என்றோ ‘தூய பட்டுச் சேலை’ என்றோ எழுதித் தரும்படி கேட்டு வாங்குக. எழுதித் தர மறுப்பவரிடம் அச்சரக்கை எடுக்காமலிருப்பதே பாதுகாப்பு.

வாங்கி ஏமாந்தவருக்கும் வழி உண்டு. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில், ஐம்பதாயிரம் ரிங்கிட் வரையிலான கோரிக்கையை ஐந்தே ரிங்கிட் கட்டணத்தில் தாக்கல் செய்யலாம். இணையத்தில் வாங்கியவையும் இதில் அடங்கும். வழக்கறிஞர் வேண்டியதில்லை, இரு தரப்பினரும் தாமே வந்து பேசுவர். கோரிக்கைக்குக் காரணம் ஏற்பட்ட மூன்றாண்டுகளுக்குள் மனு செய்துவிட வேண்டும். மனுவோடு விற்பனைப் பதிவின் படம், பணம் செலுத்திய சான்று, விற்பவரோடு நடந்த உரையாடல் ஆகியவற்றை இணைத்தல் அவசியம். ஆகவே பொருள் கைக்கு வந்து சேரும் வரையிலேனும், சந்தேகமிருப்பின் அதன் பின்னரும், அவற்றைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிடாமல் வைத்திருங்கள்.